நான்காவது எண்

மூன்று முயல்களுக்கு மூன்று எண்கள்தான் வர வேண்டும். கண்ணாடிக்கு அப்பால், பதிவறைச் சுவரில் இருந்த கருவியில் நான்காவதாக ஒரு சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது.

37.4.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடு அளக்கும் நான்காவது கம்பி ஆணியில் சுருண்டு தொங்கியது. அதன் நுனி எந்த உடம்பிலும் இல்லை, வெறும் காற்றில்தான் இருந்தது. அறையின் சூடு இருபத்திரண்டு. கம்பி காற்றை அளந்தால் இருபத்திரண்டு காட்ட வேண்டும். முயலை அளந்தால் முப்பத்தொன்பதை ஒட்டிக் காட்ட வேண்டும். முப்பத்தேழு சொச்சம் என்பது மனித உடம்பின் சூடு. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக வேலை பார்க்க மெஷினுக்கும் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, முதல் முயலின் நெற்றியை ஒரு விரலால் தடவிக் கொடுத்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் நரம்பில் ஏற்றும் மருந்துகள் தயாராயின. ஒவ்வொரு தடவை மருந்து காய்ச்சும்போதும் அதிலிருந்து ஒரு சீசா இந்த அறைக்கு வரும். மூன்று முயல்களைத் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டிகளில் உட்கார வைத்து, காதோர நரம்பில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் மருந்து மனிதர்களுக்குப் போகும். வந்தால் சாக்கடைக்குப் போகும். பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. எல்லோரும் அவளை முயலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

முயல்களுக்கு அவள் கை ராசியான கை. எதிரே நின்று கண்ணைப் பார்க்க மாட்டாள், பார்த்தால் மிரளும். பின்னாலிருந்து வந்து உள்ளங்கையால் இரண்டு கண்களையும் மூடுவாள். மூக்குக்குள்ளேயே ஒரு முனகல். மகளைத் தூங்க வைத்த காலத்தில் வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் காதோரத்தை இரண்டு முறை நீவி, நரம்பு எழும்ப விரலால் இரண்டு முறை சுண்டுவாள். ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல என்பாள். ஊசி இறங்கியது முயலுக்கே தெரியாது. அவளோடு வேலை பார்த்தவளோ முயலைக் காதைப் பிடித்துத் தூக்குகிற ரகம். அதனால்தான், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் இன்றைக்கு வர முடியாது என்றபோது, இரண்டு பேர் இல்லாமல் இந்த அறைக்குள் போகக் கூடாது என்ற விதியை மீறி, நீ போ, நான் பார்த்துக்கறேன் என்று இவளே அனுப்பிவைத்தாள். உள்ளூர அதில் சந்தோஷம்தான்.

அந்த அறைக்கு ஒரே சட்டம்: முயல் பயப்படக் கூடாது. பயந்த முயலுக்குத் தானாகவே காய்ச்சல் ஏறும், நல்ல மருந்துக்கும் கெட்ட பெயர் வந்துவிடும். அதனால் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காலில் ரப்பர் செருப்பு. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த பலகை, கதவோரத்தில் கம்பளித் துணி. சுவர்த் தொலைபேசிக்கு மணியே கிடையாது, அழைப்பு வந்தால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். பழகிப்போய் வீட்டிலும் அவள் குசுகுசுவென்றே பேசினாள். கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன், நான் என்ன முயலா என்று கணவன் கேலி செய்வான். வெளியே எது நடந்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே எது நடந்தாலும் வெளியே கேட்காதே என்று யாரும் யோசித்ததில்லை.

பதிவறை விளக்கு அணைந்தது. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அதுவாகவே அணைந்துவிடும், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் இருட்டான கண்ணாடிக்குப் பின்னே நான்கு சிவப்பு எண்களும் சட்டென்று அருகில் வந்தாற்போல் இருந்தது. காய்ந்த புல்லும் மூத்திரமும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த அறையின் வாசனை, பதினோரு வருடமாக மூக்குக்கே தெரியாமல் பழகிப்போன வாசனை, இன்று புதிதாக வந்தவள் போல அவளுக்குக் குமட்டியது. முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடியது. காலையிலிருந்தே இரண்டு மூன்று முறை அப்படி ஓடிவிட்டது. ஏ.சி.தான் என்று நினைத்திருந்தாள்.

37.8.

வெளியே போய் அந்தக் கம்பியைக் கருவியிலிருந்தே பிடுங்கிவிடலாம் என்று கதவருகே போனாள். அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். கழுத்தைத் தடவினாள். அட்டை இல்லை. கோட்டுப் பையில் இல்லை. கீழே, பெட்டிகளுக்கு அடியில், புல் மூட்டைக்குப் பின்னால், எங்கும் இல்லை. உள்ளே வந்தபோது அட்டையைத் தேய்த்துத்தான் வந்தாள், அது திரும்பக் கழுத்தில் இடித்ததுகூட நினைவிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் ஆபத்துக்கு என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று அழுத்தும்போதே தெரியும். போன வருடம் அது பழுதாகித் தானாகவே சங்கு ஊதி, அறையில் இருந்த அத்தனை முயலும் மிரண்டு, ஒன்று பெட்டிக்குள்ளேயே முதுகெலும்பு முறிந்து செத்துப்போனது. அன்றைக்கு அழுதுகொண்டே போய், அந்த வயரை வெட்டச் சொல்லி எலெக்ட்ரீஷியனைப் பிடித்து இழுத்து வந்தது இவள்தான். சங்கை மட்டும் தனியா வெட்ட முடியாதுக்கா, கதவும் சேர்ந்துதான் போகும் என்றான் அவன். பரவால்ல வெட்டு என்றாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

தொலைபேசியை எடுத்தாள். விடுமுறை நாளில் அது வாசல் காவலுக்கு மட்டும்தான் போகும்.

"அண்ணே, முயலக்கா பேசறேன். உள்ள மாட்டிக்கிட்டேன். அட்டையக் காணோம், கொஞ்சம் வந்து கதவத் திறந்து விடுங்க."



"யாரு பேசறது?" என்றார் காவலாளி.

"முயலக்காண்ணே."

"அக்கா போயிக் கால் மணி நேரம் ஆச்சேம்மா. என் எதுக்கதான் கையெழுத்துப் போட்டாங்க. பாப்பாவுக்குப் பல்லு புடுங்கணும், காத்துக்கிட்டு இருப்பான்னு சொல்லிட்டு அவசரமாப் போனாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நீங்க யாரும்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். மறுபடியும். யாரும் எடுக்கவில்லை.

பல் விஷயத்தை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு ஆறு வயது, முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்பும்போது மடியில் உட்கார வைத்து, அம்மா நாலு மணிக்கு வந்துதான் பிடுங்குவேன், அதுவரை அப்பாவையும் தொட விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டியது. அது அவர்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. பற்கள் தந்தியடித்தன. இதை ஏ.சி. என்று இனியும் சொல்லிக்கொள்ள முடியாது. மெதுவாக இடது கை உறையைக் கழற்றிப் பார்த்தாள்.

நேற்று மதியம் ஊசி குத்திய இடம். முயல்களின் உடம்பு விஷத்துக்குச் சரியாகக் காய்கிறதா என்று சோதிக்க, செத்த கிருமியின் விஷம் அடைத்த ஒரு சிறு குப்பி உண்டு, பல நூறு மடங்கு நீர்க்க வைத்தபிறகே தொடுவார்கள். நீர்க்கும் முன்னாலேயே ஊசி வழுக்கிக் கட்டைவிரல் அடியில் இறங்கிவிட்டது. தொழிற்சாலை டாக்டரிடம் சொன்னால் ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கட்டாய விடுப்பு. அந்த இரண்டு வாரமும் முயல்கள் காதைப் பிடித்துத் தூக்குகிறவள் கையில். அவள் சொல்லவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உறையை மாட்டிக்கொண்டாள்.

இப்போது அங்கிருந்து மணிக்கட்டுவரை மை தெறித்ததுபோல் ஊதாப் புள்ளிகள். ஒரு புள்ளியை அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டது.

முயல்களைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை டாக்டர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்ன எதுவும் தப்பியதில்லை. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடலாம், ஆனால் செத்த கிருமியின் மேல்தோல் மருந்தில் மிதக்கும், அதைக் கொதிக்க வைத்துக் கொல்ல முடியாது, அதற்குத்தான் உயிரே இல்லையே என்பார்.

"திருடன் வரலைம்மா. அவன் செருப்புதான் வாசல்ல கெடக்கு. அதைப் பார்த்ததுக்கே பதறிப்போயி வீட்டுக்காரன் சொந்த வீட்டைக் கொளுத்திக்கிறான். கொல்றது அந்த விஷம் இல்ல. நம்ம உடம்புதான்."

ஒருமுறை மூன்று முயல்களின் காதில் செய்தும் காட்டினார். ஒன்றுக்குத் துளி விஷம் மட்டும். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றுக்கு அட்ரினலின் மட்டும், பயந்தால் உடம்பில் சுரக்குமே அது. தோல் கொஞ்ச நேரம் வெளுத்துப் பழையபடி சிவந்தது. மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஒரு காசு அகலத்துக்குத் தோல் கருகிக் கிடந்தது. விஷம் ரத்தக்குழாயை ஆயத்தப்படுத்தி வைக்கும், பயம் வந்து அதை இறுக்கிச் சாத்தும் என்றார். அதனால்தான் இங்க யாரும் முயலைப் பயமுறுத்தக் கூடாது.

ஆக, அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பயப்படக் கூடாது. மகளிடம் போய்ச் சேர வேண்டுமானால் பயப்படவே கூடாது.

38.3.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பஞ்சுச் சுவர் அந்தச் சொற்களை விழுங்கிக்கொண்டது. காவலாளி வேறு யாரையோ பார்த்திருப்பார், அவருக்குத்தான் கண்ணாடி போட்டாலும் பாதிதானே தெரியும். பல் என்று காதில் விழுந்திருக்கும், மீதியை அவரே சேர்த்திருப்பார். சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி முனக ஆரம்பித்தாள், முயல்களுக்கு முனகும் அதே முனகல், மூச்சை நீட்டி நீட்டி, நாடித்துடிப்பை விரலால் எண்ணியபடி, நூற்றிருபதிலிருந்து நூற்றுப்பத்து, நூற்றுப்பத்திலிருந்து நூறு என்று அதைக் கெஞ்சிக் கூத்தாடிக் கீழே இறக்கினாள். கண்ணைத் திறந்தாள். நான்காவது எண் 38.1 ஆகியிருந்தது.

கணவனை நினைத்தாள். நாலு மணிக்கு வராவிட்டால் தேடுவான். வாசலுக்கு ஃபோன் செய்வான். எப்பவோ போயிட்டாங்களே என்பார் காவலாளி. அல்லது தேடவே மாட்டான். ஏனென்றால் வீட்டில் ஏற்கெனவே.

38.4.

முனகினாள். 38.2. மகளின் ஆடும் பல் நினைவுக்கு வந்தது. 38.5. ஆணியில் தொங்கும் கம்பி யாரையும் தொடவில்லை. ஆனாலும் அது அவளைத்தான் அளந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கம்பியை இழுத்து அறுத்தாள். கையோடு வந்துவிட்டது. எண் மாறவில்லை.

அதற்கப்புறம் காய்ச்சல் அவளைக் கொஞ்ச நேரம் எங்கோ கொண்டுபோனது. கண் விழித்தபோது பதிவறைக் கடிகாரம் சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் என்றது. புள்ளிகள் முழங்கையைத் தாண்டியிருந்தன. சில ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகியிருந்தன. விரல் நுனிகள் சில்லிட்டு, யாரோ ஒருவருடையவை போல் இருந்தன. நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

முயல்கள் அசையாமல் இருந்தன. ஆனால் அவற்றின் காதுகள் திரும்பின. மூன்று ஜோடிக் காதுகளும், ஒரே நேரத்தில், அவள் பக்கம் இல்லாமல் கண்ணாடிப் பக்கம்.

பதிவறையில் விளக்கு எரிந்தது.

நடமாட்டம் இருந்தால்தான் அது எரியும்.

வெள்ளைக் கோட்டு, தலையுறை, முகமூடி. மேசைக்கு முன்னால் நின்று ஒரு உருவம் எண்களைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். கத்தினாள். இரட்டைக் கண்ணாடி. அந்த உருவம் நிமிரவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டடி தூரத்தில் ஒருத்தி கண்ணாடியை உலுக்குவது கண்ணில் படாமல் போகாது. பட்டது. ஆனாலும் நிமிரவில்லை, வேண்டுமென்றே, கண்ணோடு கண் பட்டுவிடாமல், அத்தனை பக்குவமாகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டிருந்தது.

எதிரே நின்று கண்ணைப் பார்த்தால் மிரளும்.

அந்தக் கோட்டின் இடது பை நீல நூலால் தைத்திருந்தது. போன மாதம் வெள்ளை நூல் அகப்படாமல் அவள் தைத்தது. குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள். இடது பை. நீல நூல். கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய அட்டை ஒரு கழுத்தில் தொங்கியது.

தாளில் நான்காவது பத்தி. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அவளுடைய கையெழுத்து.

பயப்படக் கூடாது. முனகு. மூச்சை நீட்டு. இது காய்ச்சல். காய்ச்சலில் இப்படித்தான் என்னென்னவோ தோன்றும். இது வெறும் செருப்புதான். திருடன் வரவில்லை. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல.

39.0. 38.9. 38.8.

இறங்கியது. அவள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த உருவம் பேனாவை வைத்தது. ஒரு நிமிடம் எண்ணையே பார்த்து நின்றது, ஊசி போட்டும் காய்ச்சல் ஏறாத முயலைப் பார்த்து இவள் நிற்பாளே, அதே நிற்பு. பிறகு பைக்குள் கையை விட்டது. எதையோ எடுத்துத் தாளின் மேல், அவள் கண்ணுக்கு நேராக, வைத்தது.

சின்னது. வெள்ளை. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது.

ஒரு பால் பல். வேரில் ரத்தம் இன்னும் காயவில்லை.

யாரோ அந்த வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை திறந்திருக்கிறது. அம்மாவைத் தவிர யாரையும் தொட விடாத பிள்ளை. சிரித்துக்கொண்டே திறந்திருக்கும்.

நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ உடைந்து கொட்டியது. அடக்க முடியவில்லை. சூடாக. மொத்தமாக. கழுத்தில். கையில். காதுக்குள் ரத்தம் இடித்தது. கையைப் பார்த்தாள். புள்ளிகள் கண்ணெதிரே விரிந்தன. ஒன்று. பத்து. கை முழுக்க. நகங்கள் கறுத்தன.

39.6.

உருவம் அதை எழுதிக்கொண்டது.

அவள் பின்வாங்கினாள். முதுகு சுவரில் முட்டியது. பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள், தலை மட்டும் நீட்டிக்கொண்டு. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. கம்பளி வைத்த கதவு. காலடி கேட்கவில்லை. ரப்பர் செருப்பு. வெந்நீரின் ஆவி மட்டும் வாசனையாக வந்தது. முயல்கள் கண்ணை மூடிக்கொண்டன, தெரிந்தவள் வந்துவிட்டாள் என்பதுபோல.

பின்னாலிருந்து ஓர் உள்ளங்கை. வறண்டது. பழகியது. அவள் இரண்டு கண்களையும் மூடியது.

முனகல் கேட்டது, அவளுடைய முனகல், இவ்வளவு இதமாக அது இருக்குமென்று அவளுக்கே தெரியாது.

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல."

வெதுவெதுப்பான ஈரப் பஞ்சு அவள் காதோரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை நீவியது. இன்னொருமுறை நீவியது. பிறகு ஒரு விரல் காது மடலை மெதுவாக இரண்டு முறை சுண்டியது.